எரிமலை மேலேயே நடக்கலாம்... ஹவாய் பூங்காவுக்குப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

நெருப்புக் குழம்பு வானத்தை நோக்கிப் பீய்ச்சி அடிக்கும் வீடியோக்களை மொபைலில் அடிக்கடி பார்த்திருப்பீங்க. அவற்றில் பல, அமெரிக்காவின் ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவில் எடுக்கப்பட்டவை. அங்குள்ள கிலாவேயா எரிமலை 2024 டிசம்பர் 23-ல் மீண்டும் சீறத் தொடங்கி, அதன் பிறகு விட்டு விட்டு பலமுறை வெடித்திருக்கிறது. சில நேரங்களில் லாவா 300 மீட்டருக்கு மேல் எழும்பியது.

இப்படி ஒரு எரிமலைக்குப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளை எப்படி விடுறாங்க? அங்கே எதைப் பார்க்கலாம்? உண்மையான ஆபத்து எது?

எங்கே இருக்கிறது?

பசிபிக் கடலில் உள்ள ஹவாய் தீவுக்கூட்டத்தின் மிகப்பெரிய தீவில் இந்தப் பூங்கா இருக்கிறது. ஹிலோ நகரிலிருந்து காரில் போனால் சுமார் 50 கிலோமீட்டர். 1916-ல் தேசியப் பூங்காவானது. 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பரப்பளவு 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல்.

பூங்காவுக்குள் இரண்டு எரிமலைகள் உயிரோட்டத்துடன் இருக்கின்றன. ஒன்று, 1,247 மீட்டர் உயர கிலாவேயா. இன்னொன்று, 4,169 மீட்டர் உயர மௌனா லோவா. 38 ஆண்டுகள் அமைதியாக இருந்த மௌனா லோவா, 2022 நவம்பரில் வெடித்தது.

போனா லாவாவைப் பார்த்துடலாமா?

உறுதி கிடையாது. கிலாவேயா சில மணி நேரம் சீறும். பிறகு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் அடங்கிவிடும். டிக்கெட் போட்ட தேதிக்கு எரிமலை வெடிக்கணும்னு அவசியம் இல்லை. லாவாவை மட்டும் நம்பிப் போறவங்க ஏமாந்து திரும்பலாம். ஆனா, பழைய லாவா உறைந்து கிடக்கும் பரப்பில் நடப்பதை எந்த மாதமும் அனுபவிக்கலாம். பலருக்கும் மறக்க முடியாததாக அமைவது அந்த நடைதான்.

உறைந்த லாவாவில் இரண்டு வகை உண்டு. பாய் விரித்தது போல மழமழன்னு, கயிறு முறுக்கின மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பது 'பாஹோயிஹோயி'. கூர்கூரான கற்குவியலாகக் கிடந்து செருப்பைக் கிழிப்பது 'ஆஆ'. இரண்டும் ஹவாய் மக்களின் சொற்கள். உலகம் முழுக்க எரிமலை ஆய்வாளர்கள் இன்றைக்கும் இதே பெயர்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எந்தப் பாதைகளில் நடக்கலாம்?

* கிலாவேயா இக்கி: 1959-ல் இந்தப் பள்ளத்தில் லாவா ஏறக்குறைய 580 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியது. பள்ளம் நெருப்பு ஏரியானது. அது முழுதாக இறுக 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இப்போது மழைக்காட்டு வழியாகச் சுமார் 120 மீட்டர் கீழே இறங்கி, அந்த ஏரியின் கருத்த தரையிலேயே நடந்து மறுகரை ஏறலாம். 2 முதல் 3 மணி நேரம் ஆகும். விரிசல்களில் இன்றும் ஆவி வரும். மழைத்தண்ணீர் அடியில் இருக்கும் சூடான பாறையில் பட்டுக் கிளம்பும் ஆவி அது. வழி காட்ட அங்கங்கே கற்களை அடுக்கி வைத்திருப்பாங்க. அதைக் கலைக்கவோ, விளையாட்டாகப் புதுசா அடுக்கவோ கூடாது. மூடுபனி இறங்கினால் அடுத்தவருக்கு வழி தெரிவது அந்த அடுக்குகளால்தான்.

* நாஹுகு குகை: சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் ஓடிய லாவாவின் மேல்பகுதி ஆறி ஓடு போல் இறுக, உள்ளே இருந்த குழம்பு ஓடி வடிந்துவிட்டது. மிச்சம் நின்றது இந்தச் சுரங்கம். குழந்தைகளோடும் நடந்து போகக்கூடிய சின்னப் பாதை.

* டெவாஸ்டேஷன் பாதை: 1959-ல் விழுந்த எரிகற்துகள்கள் ஒரு காட்டையே மூடிய இடம். அந்தத் துகள்களுக்கு நடுவே மறுபடி தலைகாட்டும் ஒஹியா மரங்களையும் சிவப்புப் பூக்களையும் பார்க்கலாம். தரை சமமாக இருப்பதால் பெரியவர்களுக்கும் சிரமம் இல்லை.

* புவு லோவா: கடற்கரைக்கு இறங்கும் 30 கிலோமீட்டர் சாலையில், லாவா பாறைகளில் 23,000-க்கும் மேற்பட்ட செதுக்கல்கள். பிறந்த குழந்தை நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று, அதன் தொப்புள்கொடியை வைக்க ஹவாய் மக்கள் குடைந்த குழிகளும் இதில் அடக்கம். மரப்பாலத்தில் நின்றுதான் பார்க்கணும்; செதுக்கல் மேல் கால் வைக்கக் கூடாது.

உண்மையான ஆபத்து எது?

லாவா வந்து துரத்தும்னு பயப்படுறவங்க அதிகம். பூங்கா நிர்வாகம் திரும்பத் திரும்ப எச்சரிப்பது வேறு இரண்டு விஷயங்களை.

முதலாவது, பள்ளத்தின் விளிம்பு. 2019-ல் ஒருவர் நல்லா பார்க்கணும்னு தடுப்புக் கம்பியைத் தாண்டி நின்றார். காலடி மண் சரிந்து, சுமார் 20 மீட்டர் கீழே ஒரு திட்டில் விழுந்தார். உயிரோடு மீட்டது அதிர்ஷ்டம். 2024 கிறிஸ்துமஸ் அன்று, வெடிப்பைப் பார்க்க வந்த குடும்பத்தின் சின்னக் குழந்தை ஒன்று 120 மீட்டர் ஆழ விளிம்பை நோக்கி ஓடியது. ஓரத்துக்கு ஓரடி முன்னால் தாய் பிடித்துவிட்டார். இத்தனைக்கும் அது தடை செய்யப்பட்ட பகுதி.

இரண்டாவது, காற்று. எரிமலை கந்தக டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் புகை வரும் திசையில் நிற்கக் கூடாது. வெடிக்கும்போது தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழைகளும் காற்றில் பறந்து வரும். எரிமலைத் தெய்வத்தின் பெயரால் 'பெலேயின் கூந்தல்' என்று சொல்வாங்க. கண்ணில், தோலில் பட்டால் உறுத்தும்.

பூங்கா திடீர்னு மூடப்படுமா?

மூடப்படலாம். 2018-ல் பூங்காவுக்குக் கிழக்கே குடியிருப்புப் பகுதியில் நிலம் பிளந்து லாவா வெளியேறியது. 700-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அதே சமயம் உச்சியில் பள்ளத்தின் தரை சரிந்து, ஆழமான இடத்தில் சுமார் 500 மீட்டர் உள்ளே போனது. பூங்கா 134 நாட்கள் மூடப்பட்டது. விரிசல் விட்ட ஜாகர் அருங்காட்சியகம் பிறகு திறக்கவே இல்லை. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறி ஏரியானது. 2020 டிசம்பர் 20-ல் வெடித்த எரிமலை அந்த ஏரியையே கொதித்து ஆவியாக்கியது.

இங்கே ஒரு பாதைக்குப் பூட்டு போட்டிருந்தால், அதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கும். 1912 முதல் இயங்கும் ஹவாய் எரிமலை ஆய்வகம் நிலநடுக்கம், நிலத்தின் வீக்கம், வாயு அளவு எல்லாவற்றையும் தொடர்ந்து கண்காணிக்கிறது. தடுப்பு வைக்கும் இடம் அந்தத் தகவல்களைப் பொறுத்தது.

ஞாபகமா ஒரு கல் எடுத்துட்டு வரலாமா?

கூடாது. தேசியப் பூங்காவிலிருந்து கல், மணல், செடி எதை எடுத்தாலும் சட்டப்படி குற்றம். ஹவாய் மக்களுக்கு இது வெறும் சுற்றுலாத் தலமும் இல்லை. கிலாவேயாவின் ஹலேமவுமவு பள்ளம், பெலே தெய்வம் குடியிருக்கும் இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. எடுத்துப் போன கற்களை மனசு கேட்காமல் பார்சலில் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அப்படி வரும் கல் எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியாது என்பதால், அதைப் பழைய இடத்தில் வைக்கவும் முடியாது.

கிளம்புற முன்னாடி

* அன்றைய வெடிப்பு நிலை, காற்றின் தரம், மூடிய பாதைகள் மூன்றையும் பூங்காவின் இணையதளத்தில் பாருங்க.
* கார் ஒன்றுக்கு 30 டாலர், 7 நாள் செல்லும். ரொக்கம் வாங்க மாட்டாங்க, கார்டு அவசியம்.
* கடற்கரையில் வெயில் அடித்தாலும் உச்சியில் மழையும் குளிரும் இருக்கும். ரெயின்கோட், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.
* மூடிய ஷூ, தண்ணீர், இரவில் போனால் டார்ச் லைட் கட்டாயம். பாறையில் விழுந்தால் கண்ணாடி போல கிழிக்கும்.
* கடற்கரைச் சாலையில் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை கிடையாது.
* ட்ரோன் பறக்க விடத் தடை உண்டு.
* 'நேனே' எனும் அரிய வாத்து சாலையைக் கடக்கும். மெதுவா ஓட்டுங்க, தீனி போடாதீங்க.
* குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டே நடங்க. விளிம்புக்குப் பக்கத்தில் செல்ஃபி வேண்டாம்.