சுபாஷ் முகோபாத்யாய்: மேற்கோள் இல்லாமல் கிடந்த ஓர் ஆய்வு

சுபாஷ் முகோபாத்யாய் (1931–1981) இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறக்கக் காரணமான மருத்துவ அறிஞர். ஆங்கில நூல்களில் சுபாஷ் முகர்ஜி என்றும் குறிப்பிடப்படுகிறார். அன்றைய பீகாரின் ஹசாரிபாக்கில் பிறந்து, கல்கத்தாவில் மருத்துவம் படித்தார். 1958இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் 1967இல் எடின்பரோவிலும் என இரு முனைவர் பட்டங்கள் பெற்றார். இரண்டும் இனப்பெருக்கவியல் சார்ந்தவை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் உடலியங்கியல் கற்பித்தார். மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும், உறைநிலைத் தொழில்நுட்பம் அறிந்த சுனித் முகர்ஜியும் அவருடன் இணைந்து உழைத்தனர்.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். உடலுக்கு வெளியே கருவுற்றுப் பிறந்த உலகின் முதல் குழந்தை அவள். அதன்பின் 70 நாட்கள் கழித்து, அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூசைக் காலம் என்பதால் செய்திகளில் அக்குழந்தை 'துர்கா' ஆனது.

இரண்டு பிறப்புகளுக்கும் பின்னால் இருந்த வழிமுறைகள் வேறு வேறு. ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் இயல்பான மாதச் சுழற்சியில் முதிரும் ஒரே கருமுட்டையை, வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப் மூலம் எடுத்தனர். முகோபாத்யாயோ ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை முதிரச் செய்தார். அவற்றை யோனி வழியாக எடுத்தார். கருவை 53 நாட்கள் உறைநிலையில் வைத்திருந்து, வேறொரு சுழற்சியில் கருப்பைக்குள் செலுத்தினார். ஊசி போட்ட சுழற்சியில் கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்கும் நிலையில் இராது, காத்திருப்பதே மேல் என்பது அவர் கணிப்பு. முட்டையைத் தூண்டுதல், யோனி வழியே எடுத்தல், கருவை உறையவைத்தல் என்ற இம்மூன்றும் இன்று சென்னையிலும் சேலத்திலும் கருத்தரிப்பு மையங்களில் அன்றாட வேலை. உறைகருவிலிருந்து பிறந்த முதல் குழந்தை என்ற பெயரோ 1984இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தைக்கே நெடுங்காலம் இருந்தது.

அவர் எதையும் வெளியிடவே இல்லை என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியல்ல. 1978இலேயே 'இந்தியன் ஜர்னல் ஆஃப் கிரையோஜெனிக்ஸ்' என்ற இதழில் மூவர் பெயரிலும் ஒரு சிறு குறிப்பு வந்தது. ஆனால் அது குளிர்நிலைப் பொறியியல் இதழ். திரவ நைட்ரஜனோடு பழகும் பொறியாளர்களும் இயற்பியலாளர்களும் படிப்பது. மகப்பேறு மருத்துவர் யாரும் அதைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. எட்வர்ட்ஸ் குழுவின் அறிவிப்பும் நீளமானதன்று. 1978 ஆகஸ்ட் 12 'லான்செட்' இதழில் வந்த ஒரு கடிதம்தான். ஆனால் அதற்குப் பின்னால், மனித முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்தது பற்றி 1969இல் 'நேச்சர்' வெளியிட்ட கட்டுரை முதல் நீண்ட தொடர் இருந்தது. ஐயப்படுபவர் அதைப் பின்தொடர்ந்து போய்ச் சரிபார்க்கலாம். கல்கத்தாக் குறிப்புக்கு அப்படியொரு தொடர் இல்லை. யூஜின் கார்ஃபீல்ட் 1964இல் தொடங்கிய மேற்கோள் அட்டவணை, ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டனர் என்று எண்ணும். எவர் கண்ணிலும் படாத கட்டுரையில் எதை எண்ணுவது?

துர்காவின் பெற்றோர் தங்கள் பெயர் வெளிவருவதை விரும்பவில்லை. இது முகோபாத்யாயின் கையை மேலும் கட்டிப்போட்டது. 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் வானொலி இயற்பியலாளர்! இனப்பெருக்க உடலியங்கியலை மதிப்பிட அவரைத் தேர்ந்ததன் காரணம் புரியவில்லை. குழு அவர் கூற்றை நம்பத்தகாதது என்று தள்ளியது. கியோட்டோ பல்கலைக்கழகம் 1979இல் உரையாற்ற அழைத்தபோது அரசு அவருக்கு அனுமதி தரவில்லை. பன்னாட்டு அறிஞர்கள் முன் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் கட்டுரை எழுதும் வாய்ப்பு அத்துடன் போனது. 1981இல் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தபன் சின்ஹா 1990இல் இயக்கிய 'ஏக் டாக்டர் கீ மௌத்' என்ற இந்திப் படத்துக்கு அவர் வாழ்க்கையே தூண்டுதல்.

1986 ஆகஸ்டில் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஹர்ஷா என்ற குழந்தை பிறந்தது. மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மும்பை இனப்பெருக்க ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டி.சி. ஆனந்த குமாரும் அதன் பின்னால் இருந்தவர்கள். ஆவணங்கள் முறையாக இருந்ததால் நாட்டின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என அதுவே ஏற்கப்பட்டது. 1990இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தை பிறக்கச் செய்தபோதும் வரலாறு 1986இலிருந்தே எழுதப்பட்டது.

அதைத் திருத்தியவர் ஆனந்த குமார்தான். முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகள் 1997இல் அவர் கைக்கு வந்தன. அவற்றை வரிவரியாக ஆராய்ந்து, துர்காவின் பெற்றோரிடமும் பேசினார். பிறகு பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில், இந்தியாவின் முதல் சோதனைக் குழாய் குழந்தையை உருவாக்கியவர் முகோபாத்யாயே என்று கட்டுரை எழுதினார். முதலிடம் தமக்கு உரியதாக இருந்த நிலையில், அதை மறுத்துத் தாமே சான்று தேடி அச்சிடுவது ஆய்வுலகில் அரிது. ஆய்வுக் கட்டுரைகள் முகோபாத்யாயின் பெயரைச் சுட்டத் தொடங்கியது பெரும்பாலும் இக்கட்டுரை வழியாகவே. 1978இன் கிரையோஜெனிக்ஸ் குறிப்பும் இதன் துணையோடுதான் மேற்கோள் பட்டியல்களில் இடம்பிடித்தது. 2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட கருத்தரிப்பு மையங்களுக்கான வழிகாட்டு நெறிகள், 1978 அக்டோபர் 3 கல்கத்தாப் பிறப்பை நாட்டின் முதலாவதாகவும் உலகின் இரண்டாவதாகவும் பதிவு செய்தன.

ராபர்ட் எட்வர்ட்ஸ் 2010இல் நோபல் பரிசு பெற்றார். துர்கா தன் 25ஆம் பிறந்தநாளில், 2003இல், தான் யார் என்பதைப் பொதுவெளியில் அறிவித்தார்.