அறுவை சிகிச்சைக் கூடத்தில் அக்குபங்சர்: ஒரு வரலாறு

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட வீடுகளில் இப்போது ஒரு கேள்வி எழுவதைக் காண்கிறோம். உம்மாவின் வயதுக்கு மயக்க மருந்து தாங்குமா? அக்குபங்சர் ஊசியைக் கொண்டே வலியின்றி அறுவை செய்துவிட முடியாதா? சீனாவில் ஊசி குத்தியே நெஞ்சைத் திறந்தார்கள் என்ற செய்தி நம்மில் பலர் காதிலும் விழுந்திருக்கிறது. அச்செய்தி பிறந்த கதையை அறிந்தால் கேள்விக்கான விடையும் ஓரளவு தெளிவாகும்.

சீன மருத்துவத்தையும் மேலை மருத்துவத்தையும் இணைக்குமாறு மா சே துங் வலியுறுத்திவந்த 1958ஆம் ஆண்டில், ஷாங்காய் நகர மருத்துவமனை ஒன்றில் டான்சில் அறுவை ஊசியின் துணையோடு செய்யப்பட்டது. அறுவைக்குப் பின் வரும் தொண்டை வலியை ஊசி தணிப்பதைக் கண்ட மருத்துவர்கள், அதையே முன்கூட்டிச் செய்தால் என்ன என்று எண்ணினர். 1960இல் நுரையீரல் அறுவைக்கும் இம்முறை சென்றது. பின்னர் பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் அது அரசின் பெருமைச் சின்னமாயிற்று. தேசத்தின் பெருமையாகிவிட்ட ஒன்றில் குறை சொல்ல எந்த மருத்துவர் துணிவார்?

உலகம் இதனை அறிந்தது 1971இல். நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங் நகரில் இருந்தபோது குடல்வால் அறுவைக்கு உள்ளானார். ஊசியால் மட்டுமே அவருக்கு அறுவை நடந்ததாக இன்றும் பலர் சொல்வதுண்டு. அவர் எழுதியதோ வேறு. அறுவை நடந்தது வழக்கமான மரப்பு மருந்தின் துணையால். அதன் பிறகு வயிற்றில் ஏற்பட்ட உப்புசத்துக்கும் வேதனைக்கும்தான் ஊசி குத்தப்பட்டது. ஒரு செய்தி கைமாறும்போது எவ்வளவு வளர்ந்துவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? அடுத்த ஆண்டு அதிபர் நிக்சன் சீனா சென்று திரும்பியபின் ஆர்வம் கட்டுக்கடங்காமல் போயிற்று.

நெருங்கிப் பார்த்த மருத்துவர்கள் கண்டது இது: நோயாளிகள் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர், அவர்களுக்கு அமைதிப்படுத்தும் மருந்தும் வலி நீக்கி மருந்தும் சிறிய அளவில் தரப்பட்டன, தேவைப்பட்டபோது கீறும் இடத்தில் மரப்பு ஊசியும் போடப்பட்டது. அப்படியிருந்தும் வலி முழுவதும் நீங்கவில்லை, தசைகள் போதிய அளவு தளரவில்லை, உள்ளுறுப்புகளை இழுக்கும்போது நோயாளி துன்புற்றார். இக்குறைகளைச் சீன மருத்துவர்களே பின்னர் எழுதினர். 1980களுக்குப் பின் அவர்கள் மருந்தையும் ஊசியையும் சேர்த்தே பயன்படுத்தும் முறைக்கு மாறினர். 2006இல் பிபிசி தொலைக்காட்சி ஷாங்காயில் ஊசியின் துணையோடு நடந்த இதய அறுவையைக் காட்டியபோதும், அந்தப் பெண்ணுக்கு வலுவான மயக்க, வலி நீக்கி மருந்துகள் தரப்பட்டிருந்தன என்பது பின்னர் பெரும் விவாதமாயிற்று.

அப்படியானால் ஊசி வெறும் மாயையா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. 1970களில் பீக்கிங்கில் ஹான் ஜிஷெங் செய்த முயல் ஆய்வுகளும், நலாக்சோன் என்ற மருந்து ஊசியின் வலி தணிக்கும் பயனைக் குறைப்பதாக 1977இல் டேவிட் மேயர் குழுவினர் வெளியிட்ட ஆய்வும், உடலே சுரக்கும் அபின் போன்ற பொருள்களைச் சுட்டிக்காட்டின.

நோயெதிர்ப்பாற்றல் பற்றிய கேள்வி இங்கேதான் வருகிறது. அறுவையின் வலியும் காயமும் கார்ட்டிசால், அட்ரினலின் ஆகியவற்றை உயர்த்துகின்றன. அதனால் நிணநீர் அணுக்களும், புற்று அணுக்களை அழிக்கும் இயற்கைக் கொல்லி அணுக்களும் சில நாள்கள் சோர்கின்றன. மார்பின் போன்ற மருந்துகளும் இச்சோர்வைக் கூட்டக்கூடும். மருந்தின் அளவையும் உடலின் பதற்றத்தையும் ஊசி குறைத்தால் எதிர்ப்பாற்றல் அவ்வளவு சரியாதல்லவா என்பதே ஆய்வாளர்களின் எண்ணம். 2001இல் ஜப்பானில் கோட்டானி குழுவினர், வயிற்று அறுவைக்கு முன் முதுகெலும்பின் இரு பக்கமும் தோலுக்குள் நுண்ணூசிகள் பதித்தனர். அந்நோயாளிகளுக்கு மார்பின் தேவையும் குமட்டலும் குறைந்தன. கார்ட்டிசால், அட்ரினலின் அளவுகளும் குறைந்தன. சீனாவில் புற்றுநோய் அறுவையின்போது அணுக்களை எண்ணிப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. சிலவற்றில் சரிவு குறைந்ததாகத் தெரிகிறது. அவற்றுள் பெரும்பாலானவை சிறியவை. இரத்த அறிக்கையில் ஓர் எண் சற்று உயர்ந்திருப்பது வேறு, தொற்று வராமல் நோயாளி வீடு திரும்புவது வேறு என்பதை நாம் பிரித்தறிய வேண்டும்.

எலிகளில் கிடைத்த முடிவுகள் இன்னும் சுவையானவை. முழங்காலுக்குக் கீழுள்ள ஒரு புள்ளியில் மின் ஊசி செலுத்தினால் வேகஸ் நரம்பின் வழியே அட்ரினல் சுரப்பி தூண்டப்பட்டு அழற்சி தணிவதாக 2014இல் ஓர் ஆய்வு வந்தது. ஹார்வர்டில் சியூஃபு மா குழுவினர் 2020இல் காட்டியது எச்சரிக்கை கலந்தது. வயிற்றுப் பகுதியில் வலுவான மின்தூண்டலை முன்கூட்டித் தந்தபோது அழற்சி குறைந்தது. அழற்சி முற்றிய பின் தந்தபோது நிலைமை மேலும் மோசமாயிற்று. ஊசியால் தீங்கே வராது என்று நம்மிடையே சொல்பவர்கள் இவ்வொன்றையாவது படிக்க வேண்டும்.

இன்று ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கது, மணிக்கட்டின் உட்புறத்துக்குச் சற்று மேலுள்ள புள்ளியைத் தூண்டினால் அறுவைக்குப் பின்வரும் குமட்டலும் வாந்தியும் குறைகின்றன என்பதே. மயக்க மருத்துவரை விலக்கிவிட்டு அல்ல, அவருக்குத் தெரிவித்தே இதனைச் செய்துகொள்ளலாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களும், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் ஊசிக்கோ மின் ஊசிக்கோ உடன்படுமுன் அதை அவரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.