கணிப்பொறி நிரலும் பின்வரும் தலைமுறையும்

எழுதுபவர் ஒருவர், படிப்பவர் மற்றொருவர். இவ்விருவருக்கும் இடையே ஆண்டுகள் பல கடந்துவிடுமாயின், எழுதியவரின் உள்ளத்தில் இருந்த காரணங்கள் எழுத்தில் இடம்பெற்றிருந்தாலன்றிப் படிப்பவரைச் சென்றடைவதில்லை. தொல்காப்பிய நூற்பாக்களின் பொருள் தெளிய இளம்பூரணரையும் நச்சினார்க்கினியரையும் நாடும் தமிழாசிரியர்களும் மாணவர்களும் இவ்வுண்மையை நன்குணர்வர். கணிப்பொறித் துறையோ இதனைப் பல இடர்களுக்கும் இழப்புகளுக்கும் பின்னரே உணர்ந்தது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிரலுக்கு வாசகர் இருவர்

கணிப்பொறி செய்ய வேண்டிய பணிகளை ஒவ்வோர் ஆணையாக வரிசைப்படுத்தி எழுதிய தொகுப்பே நிரல் எனப்படும். அதன் முதல் வாசகன் பொறி. இரண்டாம் வாசகன் மனிதன். ஆணைகள் பிழையற்றவையாக இருந்தால் பொறி நிறைவு கொள்ளும். அவை தெளிவாக உள்ளனவா, ஒழுங்காக உள்ளனவா என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. ஆனால், வரிவிகிதம் மாறும்போதும், சட்டம் திருத்தப்படும்போதும், பழைய பொறி போய்ப் புதிய பொறி வரும்போதும் அந்நிரலைத் திருத்தவேண்டியவன் மனிதன். அவன் பெரும்பாலும் நிரலை முதலில் எழுதியவன் அல்லன்.

எனவே, நல்ல நிரலுக்கு இரு தேர்வுகள் உண்டு. இன்று சரியாக இயங்குகிறதா என்பது ஒன்று. நாளை வேறொருவர் அதனைப் புரிந்துகொண்டு, பழுது நேராமல் மாற்ற இயலுமா என்பது மற்றொன்று. தொடக்கக் காலத்தில் முதல் தேர்வே போதுமென எண்ணினர். அதற்குக் காரணமும் இருந்தது. அந்நாளில் பொறியின் விலை மிக அதிகம். அதன் நினைவகமோ மிகச் சிறிது. தரவுகளைத் துளையிட்டுப் பதிக்கும் அட்டையில் 80 பத்திகளே இருந்தன. ஓர் எழுத்து இடத்தை மிச்சப்படுத்துவதும் திறமையாகக் கருதப்பட்டது.

மனிதர் படிக்கத்தக்க நிரல் வேண்டும் என்று முதலில் வற்புறுத்தியவர்களுள் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். அவர் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு ஆணையிடும் முறையை உருவாக்கிக் காட்டினார். அம்முறையைத் தழுவி 1959ஆம் ஆண்டில் கோபோல் என்னும் நிரல்மொழி வகுக்கப்பட்டது. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் அதனை விரும்பி ஏற்றன.

கார்மிஷ் மாநாடு

1964ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம் 360’ என்னும் கணிப்பொறி வரிசையை அறிவித்தது. அதனை இயக்கும் மென்பொருளை உருவாக்கும் பணி ஏறத்தாழ 5,000 ஆள்-ஆண்டு உழைப்பை விழுங்கியது. எனினும் அது குறித்த காலத்தில் முடியவில்லை. அப்பணிக்குத் தலைமை தாங்கிய பிரெட்ரிக் புரூக்ஸ், தம் பட்டறிவை 1975ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தாமதமாகிவிட்ட மென்பொருள் பணியில் மேலும் ஆள்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்பது அவர் கண்ட முடிவு. புதியவர்கள் முன்னவர் எழுதியதைப் புரிந்துகொள்ளக் காலம் ஆகும். அதனை விளக்க வேண்டிய பழையவர்களின் காலமும் செலவாகும். புரிந்துகொள்வதே பெருஞ்செலவு என்பது இதனால் புலனாயிற்று.

இத்தகைய இடர்ப்பாடுகள் பெருகவே, 1968ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் செருமனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் அறிவியல் குழு ஒரு மாநாட்டைக் கூட்டியது. பதினொரு நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஐம்பது அறிஞர்கள் கலந்துகொண்டனர். மென்பொருள் எழுதுவதைப் பாலம் கட்டுவது போன்ற ஒரு பொறியியலாக வளர்க்க வேண்டும் என்ற கருத்து அங்கு வலுப்பெற்றது. ‘மென்பொருள் பொறியியல்’ என்னும் சொற்றொடர் உலகெங்கும் பரவ அம்மாநாடே வழிவகுத்தது.

தெளிவைத் தேடிய அறிஞர்கள்

அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்திரா எழுதிய கடிதம் ஒன்று அமெரிக்கக் கணிப்பொறி இதழில் வெளிவந்தது. நிரலின் ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்குத் தாவச் சொல்லும் ஆணை தீங்கானது என்பது அதன் கருத்து. பத்தாம் பக்கத்திலிருந்து எழுபதாம் பக்கத்திற்கும், அங்கிருந்து மூன்றாம் பக்கத்திற்கும் தாவச் சொல்லும் நூலை யார்தாம் பொருள் விளங்கப் படிக்க இயலும்? மனித அறிவு ஓர் எல்லைக்கு உட்பட்டது. நிரலின் அமைப்பு அவ்வறிவுக்குத் துணைசெய்ய வேண்டும் என்பதே அவர் நிலைநாட்டிய கொள்கை.

1972ஆம் ஆண்டில் டேவிட் பார்னாஸ் மற்றொரு வழியைக் காட்டினார். பெரிய நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, பணி நடைபெறும் வரிசைப்படி பிரித்தல் கூடாது. பின்னாளில் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் அடக்கிவிட வேண்டும் என்றார். சான்றாக, தேதியைப் பதிந்துவைக்கும் முறை ஒரே பகுதிக்குள் அடங்கியிருந்தால், அம்முறை மாறும்போது அப்பகுதியை மட்டும் திருத்தினால் போதும். அது நிரல் முழுவதும் சிதறிக்கிடந்தால் ஒவ்வொரு வரியையும் தேட நேரும். வீட்டின் நீர்க்குழாய் பழுதுபட்டால் எல்லாச் சுவர்களையும் இடிக்கும் நிலை வரலாகாது அன்றோ?

இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் பேராசிரியர் மேனி லேமன், பயனில் உள்ள நிரல் மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்றும், தனி முயற்சி எடுத்து ஒழுங்குசெய்யாவிடில் மாற்றந்தோறும் அதன் சிக்கல் பெருகும் என்றும் ஆராய்ந்து கூறினார். தோட்டத்தை நட்டுவிட்டால் மட்டும் போதாது. களையெடுத்தலும் தொடர வேண்டும் என்பது போன்றது இது.

டொனால்ட் குனூத் 1984ஆம் ஆண்டில் இன்னும் ஒருபடி மேலே சென்றார். பொறிக்கு ஆணையிடுவதை விடவும், பொறி செய்ய வேண்டியதை மனிதருக்கு விளக்குவதையே நிரலின் முதல் நோக்கமாகக் கொள்ளலாம் என்று வாதிட்டார். அச்சுக்கோப்பிற்காகத் தாம் எழுதிய ‘டெக்’ என்னும் நிரல் முழுவதையும் விளக்கங்களுடன் 1986ஆம் ஆண்டில் நூலாகவே வெளியிட்டார். கணித நூல்களையும் ஆய்வேடுகளையும் அச்சிட அந்நிரல் இன்றும் பயன்பட்டு வருகிறது.

எழுதாமல் விட்ட காரணம்

இக்கொள்கைகளைப் புறக்கணித்தால் விளைவது யாது என்பதை 1996ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள் உலகம் கண்டது. பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ஏவூர்தி முதன்முறையாகப் புறப்பட்டது. ஏறத்தாழ 40 வினாடிகளில் அது பாதை மாறிச் சிதறியது. புவியின் காந்த மண்டலத்தை ஆராயவென அறிவியலாளர் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய நான்கு செயற்கைக்கோள்களும் உடன் அழிந்தன.

ஏவூர்தியின் நிலையைக் கணிக்கும் நிரல் முந்தைய ஏரியான் 4இலிருந்து எடுக்கப்பட்டது. அதில் ஓர் எண், 32,767க்கு மேற்பட்ட மதிப்பை ஏற்காத சிறிய இடத்தில் பதியப்பட்டது. பழைய ஏவூர்தியின் வேகத்திற்கு அந்த இடம் போதும். புதியதன் கிடைவேகம் மிகுதி, எண் எல்லை கடந்தது, நிரல் நின்றது. மாற்றாக வைத்திருந்த பொறியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் நின்றது. அந்தக் கணிப்போ ஏரியான 5 புறப்பட்ட பின் தேவையே இல்லாத ஒன்று.

விசாரணைக் குழு கண்டறிந்த செய்தி ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. ஆபத்துக்குள்ளாகக்கூடிய ஏழு மதிப்புகளுள் நான்கிற்குப் பாதுகாப்பு இருந்தது, மூன்றிற்கு இல்லை. அம்மூன்றும் எல்லை கடவா என்று பழைய பொறியாளர்கள் ஆராய்ந்தே முடிவு செய்திருந்தனர். ஆனால், அம்முடிவின் காரணம் நிரலில் எழுதப்படவில்லை. காரணம் அறிந்தவரின் மனத்திலும் ஆவணக் குவியலிலும் அது மறைந்துபோயிற்று. ஒரு வரிக் குறிப்பு கண்ணில் பட்டிருந்தால், இந்த ஏவூர்திக்கும் இது பொருந்துமா என்று எவரேனும் வினவியிருக்கக்கூடும்.

மிச்சப்படுத்திய இரண்டு எழுத்துகள்

இடத்தைச் சேமிக்க ஆண்டின் கடைசி இரு இலக்கங்களை மட்டும் பதிந்த பழக்கம், 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகையே கலங்கச் செய்தது. ‘00’ என்பது 1900ஆ, 2000ஆ என்று பொறிக்குத் தெரியாது. அமெரிக்க மைய வங்கியின் தலைவராக விளங்கிய ஆலன் கிரீன்ஸ்பான், 1960களிலும் 1970களிலும் தாமும் அவ்வாறு நிரல் எழுதி, இடத்தை மிச்சப்படுத்தியதற்காகப் பெருமை கொண்டதாக 1998ஆம் ஆண்டில் செனட் குழுவின் முன் கூறினார். தம் நிரல்கள் அத்தனை ஆண்டுகள் வாழும் என எழுதியவர்கள் எண்ணவில்லை. பல நாடுகளில் நிரலாளர்கள் பழைய நிரல்களை வரிவரியாகத் தேடித் திருத்தினர். பல்லாயிரம் கோடி டாலர் செலவாயிற்று. பேரிடர் நேராமைக்கு அவ்வுழைப்பு ஒரு முக்கியக் காரணமாகும்.

அத்துடன் கதை முடியவில்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, நியூசெர்சி மாநில ஆளுநர் கோபோல் அறிந்த தன்னார்வலர்கள் உதவ வேண்டுமென வெளிப்படையாக வேண்டினார். அம்மாநிலத்தின் பழைய பொறியமைப்பை அறிந்தோர் அருகிவிட்டனர். அன்றாடச் செலவுக்கு உதவித்தொகையை எதிர்பார்த்திருந்த ஏழைத் தொழிலாளிக்கு நிரலைப் பற்றி எதுவும் தெரியாது. எனினும், தெளிவின்மையின் சுமையைச் சுமப்பவர் அவரே.

நிறைவுரை

வார்ட் கன்னிங்காம் 1992ஆம் ஆண்டில் இந்நிலையைக் கடனுக்கு ஒப்பிட்டார். அவசரத்தில் செம்மையின்றி எழுதும் நிரல் ஒரு கடன். திருத்திச் செப்பனிடாதவரை அதற்கு வட்டி ஏறும் என்பது அவர் உவமை. இவ்வுவமையோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இங்குக் கடன் வாங்குபவர் ஒருவர்; வட்டி செலுத்துபவரோ அவரை ஒருநாளும் கண்டிராத வேறொருவர்.

இன்று நிரலை எழுதித் தரும் பொறிகளும் வந்துவிட்டன. நிரல் பெருகப் பெருக, அதனைப் புரிந்துகொள்ளும் தேவையும் பெருகுமேயன்றிக் குறையாது. பெயரைப் பொருள் விளங்க இடுதல், ஒரு பகுதியில் ஒரு கருத்தையே கூறுதல், செய்ததை மட்டுமன்றிச் செய்ததன் காரணத்தையும் எழுதி வைத்தல் ஆகிய மூன்றும் கணிப்பொறிக் கூடத்தில் மட்டும் கற்பிக்கப்படுவன அல்ல. கட்டுரைப் பயிற்சி நடைபெறும் மொழி வகுப்பிலும் இவையே பாடம். தெளிவாக எழுதப் பழகிய மாணவன் நாளை நிரல் எழுத அமரும்போது, தான் காணப்போகாத ஒரு வாசகனையும் மனத்தில் இருத்தியே எழுதுவான்.