ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி

சென்ற மாதம் காத்தோங்கிலுள்ள எம் உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தகாலை, அமெரிக்காவினின்று வந்திருந்த அன்பரொருவர் எம்மிடம் ஓர் ஐயத்தைக் கிளப்பினார். மான் வேட்டைக்கு விலை மலிந்த பழந்துப்பாக்கி ஒன்று வாங்கக் கருதியுள்ளாராம். ஸ்னைடர், மார்ட்டினி-ஹென்றி என்ற இரண்டனுள் எது தக்கது என்பது வினா. 1898-ஆம் ஆண்டு முடியச் செய்யப்பெற்றவற்றை அந்நாட்டு மத்தியச் சட்டம் தொல்பொருளாகவே கொள்கின்றது. தோட்டத்துக் கிராணியாகிய எமக்கும் துப்பாக்கிக்கும் உள்ள சம்பந்தம் ஏட்டளவே. எனினும் இவை மலிவான கதையில் நம்மவர்க்கும் பங்குண்டு என்பதால் எழுதத் துணிந்தோம்.

1857-இல் சிப்பாய்களைக் கொதிப்பித்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள், 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கிக்கு உரியவை. அதனை வாய்வழியாகவே கெட்டிக்க வேண்டும். அதன் பின்புறத்தை வெட்டி, பக்கவாட்டில் திறக்கும் மூடியொன்றைப் பொருத்தினால் பின்வழியே தோட்டா இடலாம் என்று காட்டியவர் ஜேக்கப் ஸ்னைடர் என்னும் அமெரிக்கர். பிரிட்டிஷ் சர்க்கார் 1866-இல் அம்முறையைக் கைக்கொண்டது. ஸ்னைடரோ தமக்குரிய தொகைக்காக வழக்காடிக்கொண்டே அவ்வாண்டில் வறுமையில் மாண்டார்.

1871-இல் மார்ட்டினி-ஹென்றி வந்தது. விசைக்குப் பின்னுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் அடைப்புக்கட்டை தாழும். தோட்டாவை நுழைத்து நெம்பை உயர்த்தினால் சுடுவதற்கு ஆயத்தம். குதிரையைத் தனியே இழுக்க வேண்டுவதில்லை. 480 கிரெயின் எடையுள்ள ஈயக்குண்டு, 85 கிரெயின் கருமருந்து. தோளில் அது கொடுக்கும் உதை பேர்பெற்றது! 1888-இல் பல தோட்டாக்கள் கொள்ளும் லீ-மெட்போர்டு வந்தவுடன் இதுவும் பழஞ்சரக்காயிற்று.

பழஞ்சரக்கு எங்கே சென்றது? 1857-க்குப் பின் ஆள்வோர்க்குச் சிப்பாயிடத்து அச்சம் நீங்கவில்லை. முதலில் குழலின் உள்வரிகளை நீக்கி, குறி தவறும் துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தனர். வெள்ளைப் பட்டாளம் மார்ட்டினி ஏந்தியபோது இந்தியச் சிப்பாய்க்கு ஸ்னைடர். அவர்கள் லீ-மெட்போர்டு ஏந்தியபோது இவனுக்கு மார்ட்டினி. எப்பொழுதும் ஒருபடி பின்னே! பிற்காலத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் நல்ல லீ-என்பீல்டுகளையே தோட்டாப்பெட்டியை மரக்கட்டையால் அடைத்து, ஒற்றை வெடியாக்கிப் போலீசாருக்கும் சிறைக்காவலர்க்கும் அளித்தனர். ஒற்றைத் தோட்டா என்பது சிக்கனமன்று, அவநம்பிக்கை என்க. சாதாரணக் குடிமகனுக்கோ 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சின்றி அதுவுமில்லை. ஐரோப்பியருக்கு விலக்களித்த சட்டம் அது.

அன்பருக்கு யாம் கூறியது இது: மார்ட்டினியே மேல், அதன் அடைப்பு உறுதியானது. ஆனால் 2003-இல் காட்மாண்டு அரண்மனைக் கிடங்கினின்று அமெரிக்க வியாபாரிகள் வாங்கிச் சென்ற பல்லாயிரத்துள், நேபாளத்திலேயே கையால் இயற்றப்பெற்ற ககேந்திரா துப்பாக்கிகளும் உண்டு. அவை சுவரில் தொங்கவே தகுந்தவை. கைபர்க் கணவாய்ப் போலிகளில் அரசியின் முத்திரையும் எழுத்துக்களும் கோணலாயிருக்கும். உண்மையானதே கிடைப்பினும், குழல் துருவால் அரிக்கப்பட்டதா என்று பார்த்து, கைதேர்ந்த கொல்லனிடம் சோதித்த பின்னரே சுடவேண்டும். கருமருந்தன்றி இக்காலப் புகையில்லா மருந்தைத் தன் போக்கில் நிரப்பினால் உயிர் போவது மானுக்கன்று. குண்டு விரைவில் தாழ்ந்து விழும். ஆதலின் நூறு கஜத்துக்குள் நின்று சுடுவதே நேர்மை.

காத்தோங்கில் இப்பேச்சு நிகழ்ந்ததும் வேடிக்கையே. சிங்கப்பூரின் முதற் போலீஸ் கமிஷனராகிய தாமஸ் டன்மன் 1871-இல் ஓய்வு பெற்றபின் தென்னந்தோட்டம் நடத்தியது இங்கேதான். இன்று டன்மன் சாலையில் தென்னை இருந்த சுவடில்லை. இத்தீவில் அழிந்துபோன கடமான், 1970-களில் மிருகக்காட்சிச் சாலையினின்று தப்பியவற்றின் வழியே மண்டாய்க் காட்டில் மீண்டும் பெருகியுள்ளது. அதனைச் சுட எவர்க்கும் உரிமையில்லை. மாலையில் அன்பரைக் காத்தோங் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். 1879-இல் எழுப்பி, 1901-இல் கைவிடப்பட்ட தஞ்சோங் காத்தோங் கோட்டையின் செங்கற்சுவர் புற்றரையின் கீழ் கிடக்கின்றது. பீரங்கி எங்கே என்று கேட்டார். அதுவும் பழஞ்சரக்காகிப் போயிற்று என்றோம்.