பள்ளி முதல்வர் பழகுநர் பயிற்சி

பள்ளி முதல்வர் பழகுநர் பயிற்சி என்பது, முதல்வராக விரும்பும் ஆசிரியர் அனுபவமிக்க முதல்வர் ஒருவரின் கீழ், நடப்பில் உள்ள பள்ளியிலேயே ஊதியத்துடன் வேலை பார்த்துப் பொறுப்பைக் கற்கும் முறை. அமெரிக்காவில் 2000க்குப் பிறகு இது வேரூன்றியது.

பின்னணி

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் முதல்வராக, பொதுவாக மாநில அரசின் சான்றிதழ் தேவை. ஆசிரியர்கள் பலர் வேலை முடிந்த பின் பல்கலைக்கழக வகுப்புகளுக்குச் சென்று அதைப் பெற்றனர். களப்பயிற்சி பெயரளவில் நின்றது. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் தலைவர் ஆர்தர் லெவின், 2005இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் படிப்புகளின் தரத்தைக் கடுமையாகச் சாடினார்.

நியூயார்க் முயற்சி

ஜோயல் கிளைன் நியூயார்க் நகரக் கல்வித் துறைத் தலைவராக இருந்தபோது, 2003இல் நியூயார்க் நகரத் தலைமைத்துவ அகாதெமி தொடங்கப்பட்டது. அதன் 'முதல்வராக விழைவோர் திட்டம்' 14 மாதங்கள் நீடித்தது. முதல் கோடையில், கற்பனைப் பள்ளி ஒன்றின் சிக்கல்களைப் பயிற்சி பெறுவோர் குழுக்களாகத் தீர்த்தனர். பிறகு 10 மாதங்கள் வழிகாட்டி முதல்வருடன் உண்மையான பள்ளியில் பணியாற்றினர். பாடம் நடக்கும் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்து, ஆசிரியரிடம் குறைநிறைகளை அவர் மனம் நோகாமல் சொல்லப் பழகுவது இத்தகைய பயிற்சியின் மையம். இதை எந்தப் பாடநூலும் கற்றுத்தர இயலாது. இறுதிக் கோடை, புதிய பொறுப்புக்குத் திட்டமிடும் காலம்.

விளைவு

இத்திட்டத்தில் தேறியவர்கள் பெரும்பாலும் பின்தங்கிய பள்ளிகளுக்கே அனுப்பப்பட்டனர். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பிற புதிய முதல்வர்களின் பள்ளிகளைவிட இப்பள்ளிகள் ஆங்கிலப் பாடத்தில் கூடுதலாக முன்னேறியதாகக் கண்டது. கணிதத்தில் அத்தகைய தெளிவான வேறுபாடு இல்லை. பயிற்சிக் காலம் முழுவதும் ஊதியம் தர வேண்டியிருப்பதால் செலவு அதிகம். தொடக்க ஆண்டுகளில் தனியார் கொடைகளே இத்திட்டத்தைத் தாங்கின.

அரசுப் பதிவு

தச்சு, மின்பணி முதலிய தொழில்களில் பழகுநர்களைக் காக்க 1937இல் தேசியப் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழான பதிவு ஏற்பாட்டுக்குள் 2022இல் டென்னசி மாநிலம் ஆசிரியர் பயிற்சியைக் கொண்டுவந்தது. முதல்வர் பயிற்சியை 2023இல் வடக்கு டகோட்டா பதிவு செய்தது. பதிவு பெற்ற திட்டத்தில் ஊதியம், வழிகாட்டி, வேலையோடு இணைந்த படிப்பு மூன்றும் கட்டாயம். குடும்பப் பொறுப்புள்ள ஆசிரியர், வேலையை விடாமலும் கடன் சுமக்காமலும் தலைமைப் பொறுப்புக்கு உயர வழி திறப்பதே இம்முறையின் தலையாய நன்மை.