கோணல் தாள்

பென்சில் பிடித்துப் பிழைக்கிறவன் நான். அதனால் அதற்குள் இருக்கும் கரியின் சரித்திரத்தைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. கிராஃபைட் என்கிற அந்தக் கரி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கார்பன் தாள்களின் கட்டு. ஒவ்வொரு தாளும் ஒரே ஓர் அணுவின் கனம்தான்.

1947-ல் கனடாவில், அணு உலைக்கு வேண்டிய கிராஃபைட்டின் குணத்தை அறிவதற்காக, பிலிப் வாலஸ் என்பவர் ஒற்றைத் தாளின் கணக்கைப் போட்டார். அது வெறும் காகிதக் கணக்காகவே வெகுகாலம் கிடந்தது. 2004-ல்தான் மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் சாதாரண ஒட்டுநாடாவால் அந்தத் தாளை உரித்தெடுத்துக் காட்டினார்கள். கிராஃபீன் என்பது அதன் பெயர்.

2008-ல் அதன்மேல் ஒளியைச் செலுத்தி அளந்தார்கள். நூற்றுக்கு 2.3 பங்கை அது விழுங்கியது. சிவப்பானால் என்ன, நீலமானால் என்ன, எல்லா நிறத்திலும் ஏறக்குறைய அதே பங்குதான். சரியான சமதரிசி!

இரண்டு தாள்களை நேராக அடுக்கினால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் விழுங்குவது இரட்டிப்பாகும்; அவ்வளவே. மேல்தாளைச் சற்றுத் திருகி வைத்தாலோ சமதரிசனம் போய்விடுகிறது. இரு தாள்களின் எலெக்ட்ரான் நிலைகளும் ஒரு குறிப்பிட்ட சக்தியில் சந்தித்து நெருக்கியடிக்கின்றன. அந்தச் சக்திக்கு ஒத்த நிறத்தை மட்டும் அடுக்கு அதிகமாக விழுங்குகிறது. சுமார் 13 டிகிரி திருகினால் பச்சை. கோணம் குறைந்தால் சிவப்பின் பக்கம். கூடினால் நீலத்தின் பக்கம்.

கோணத்தைக் கண்டுபிடிக்க உதவியது நம் சி. வி. ராமன் 1928-ல் கண்ட ஒளிச் சிதறல். 2012-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அதைக் கொண்டு சோதித்தபோது, பொருத்தமான கோணத்தில் சிதறல் பல மடங்கு பிரகாசித்தது. 2016-ல் சீனாவில், சுமார் 13 டிகிரி திருகிய அடுக்கில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, பல மடங்கு மின்னோட்டம் எடுத்தார்கள்.

எனக்கு ருசிப்பது வேறொன்று. 1951-ல் ரோஸலிண்ட் ஃபிராங்க்ளின் அம்மையார், கரிகளில் எத்தனை பங்கு தாள்கள் கோணிக் கிடக்கின்றன என்று கணக்கெடுத்தார். அன்று அந்த எண், கரி எவ்வளவு ஒழுங்கு தவறியது என்பதற்கு அளவு. இன்று அதே கோணலை வேண்டுமென்றே, டிகிரி பார்த்து வைக்கிறார்கள். தாளில் ஓர் அணுகூட மாறவில்லை. பக்கத்துத் தாளோடு அது நிற்கும் விதம் மாறியது, நிறம் பிறந்துவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் கரியும் அப்படித்தான் என்று அறிவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.