நுண்கட்டுப்படுத்தியின் துயில்: ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக இலுக்கும்புறைக்குச் செல்லும் மலைப்பாதையில், நக்கிள்ஸ் தொடரின் மேட்டில் உள்ளது ரிவர்ஸ்டன். மூடுபனியும் காற்றும் அதற்கு இயல்பு. இத்தகைய மலைநாட்டில் மழையை அளத்தல் வெறும் பொழுதுபோக்கன்று. 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்யின் அபாயச் சரிவுகளில் வாழ்வோர் வெளியேற வேண்டுமென்பது தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு வகுத்துள்ள எல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி விளைத்த மண்சரிவுகளை மாத்தளை மாவட்டம் எளிதில் மறவாது. மின்கம்பி எட்டாத சரிவொன்றில், சிறு மின்கலத்தின் வலுவிலே மழைமானி மாதக்கணக்கிற் பணிபுரிதல் இயலுமா? இயலும், அஃது உறங்கக் கற்றிருப்பின். அவ்வுறக்கத்தின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

கணிக்கும் உறுப்பையும் நினைவகத்தையும் வாயில்களையும் ஒரே சில்லில் அடக்கியதே நுண்கட்டுப்படுத்தி. 1974இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் விற்பனைக்கு விடுத்த டி.எம்.எஸ். 1000 இவ்வினத்தின் முன்னோடியாகும். இன்டெல் நிறுவனத்தின் 8048 1976இலும், 8051 1980இலும் தோன்றின. இவற்றின் முதல் வடிவங்கள் வேலையற்ற வேளையிலும் மின்னை உண்டன. அக்குறையைத் தீர்த்தது 1963இல் பிராங்க் வான்லாஸ் வகுத்த சீமொஸ் முறை. அம்முறையில் அமைந்த சுற்று, நிலை மாறும்போதே பெரிதும் மின்னைக் கொள்ளும். எனவே கடிகாரத் துடிப்பை நிறுத்தின் செலவு ஏறக்குறைய அற்றுப்போம். 1976இல் வந்த ஆர்.சி.ஏ. 1802 துடிப்பு நின்றபோதும் தன் நிலையை இழவாதது. பின்னர் 80சி51 அரைத்துயில், முழுத்துயில் என்னும் இரு நிலைகளைப் பெற்றது.

2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மாணவர்க்கென ஆர்டுயினோ பலகை உருவாயிற்று. நோர்வே மாணவர் இருவரின் சிந்தனையிற் பிறந்த ஏ.வி.ஆர். சில்லே அதன் உள்ளம். அதுமுதல் இக்கலை ஆர்வலர் யாவர்க்கும் எளிதாயிற்று. இலங்கையிலும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர், திறந்த வன்பொருளால் அமைத்த மழைமானியொன்றைப் பற்றி 2014இல் எழுதினர்.

ஆயினும் மேசையிற் கற்பதற்கமைந்த பலகை மலையிற் காவலிருக்க அமைந்ததன்று. சில்லு துயின்றாலும் பலகை துயில்வதில்லை. மலிவான பலகைகள் பலவற்றிற் காணப்படும் ஏ.எம்.எஸ். 1117 என்னும் மின்னழுத்தச் சீராக்கி, யாதொரு வேலையுமின்றி ஏறத்தாழ 5 மில்லியம்பியர் மின்னோட்டத்தை உண்ணும். அணையாத சிறுவிளக்கும், கணினியோடு பேசும் துணைச்சில்லும் அதனோடு பங்கு கேட்கும். இவ்வாறு பலகை 10 மில்லியம்பியர் கொள்ளுமாயின், 2000 மில்லியம்பியர்-மணி மின்கலம் 200 மணி நேரத்தில், அஃதாவது எட்டு நாள் கடந்ததும், வறிதாகும். மொத்தச் செலவை 10 மைக்ரோஅம்பியராகக் குறைப்பின், கணக்கின்படி 2,00,000 மணி நேரம் நிலைக்கும். அதற்கு முன்னரே மின்கலம் தானே மூப்புற்று அழியும். ஆயிரமடங்கு வேறுபாட்டிற்குக் காரணம் நிரலன்று, பலகையே என்பது தெளிவு.

எனவே ஆர்வலர் செய்யத்தக்கவை சில உள. விளக்கை அகற்றுக; தன் செலவு குறைந்த சீராக்கியைத் தெரிக; இணைக்கப்படாத முனைகளை மிதக்க விடற்க; மூடுபனியின் ஈரம் புகாவண்ணம் பலகைக்கு மெழுக்குப் பூசுக. மழைநீர் நிரம்பிக் கவிழும் கிண்ணம் ஆளியொன்றை மூட, அக்குறியால் சில்லு விழித்து, எண்ணி, மீண்டும் துயிலட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, மலைக்கு அனுப்புமுன் துயில்நிலை மின்னோட்டத்தை அளந்து பார்த்தல் வேண்டும்.

எட்டாம் நாள் அவிந்த மழைமானி ஒன்பதாம் நாள் பெருமழையை அறியாது. துயிலவேண்டியபோது துயின்ற கருவியே விழிக்கவேண்டியபோது விழிக்கும்.